மனத்தைப் படிக்கும் சீட்டு வித்தையை இரகசியத்தோடு சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமைச் சிறுவர் பக்கத்தில் குறுக்கெழுத்துக்கும் விடுகதைக்கும் ஆறு வித்தியாசங்களுக்கும் தவறாமல் இடம் தருகிறீர்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வாரமாவது ஒரு சீட்டு வித்தைக்கு இடம் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக இக்கடிதத்தை எழுதுகிறேன். கூட்டத்தின் நடுவே மூன்று பேர் கையில் மறைத்து வைத்திருக்கும் சீட்டுகளை, அவர்களுடைய மனத்தைப் படித்துச் சொல்வதுபோலச் சொல்லும் வித்தை அது. கைவேகம் தேவையில்லை, கூட்டத்தில் நமக்கென்று ஓர் ஆளை உட்கார வைக்கத் தேவையில்லை, கடையில் விற்கும் தந்திரச் சீட்டும் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் இரண்டு மாலைகளில் கற்றுக்கொண்டு மூன்றாம் நாள் வகுப்பின் முன் நின்று செய்துவிடலாம். ஆனால் வித்தையை மட்டும் விவரித்துவிட்டு, அது எப்படி நடக்கிறது என்பதை வாசகரின் வியப்புக்கு விட்டுவிடக் கூடாது. இரகசியத்தையும் சேர்த்தே அச்சிட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

நான் பெரம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. கடந்த பொங்கலையொட்டி எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் நடந்த மாலை நிகழ்ச்சியில், கோலப்போட்டிக்கும் பாட்டுக்கும் இடையே கிடைத்த பத்து நிமிடத்தில் இந்த வித்தையைச் செய்தேன். ஐம்பது பேருக்குக் குறையாமல் அமர்ந்திருந்தார்கள். மூன்று பேரின் சீட்டுகளையும் சரியாகச் சொன்னதும் கைதட்டல் எழுந்தது; அதில் எனக்கு மகிழ்ச்சியே. எல்லோரும் கீழே இறங்கிய பிறகு, இரண்டாம் தளத்தில் வசிக்கும் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், இந்தச் சக்தி உங்களுக்கு எப்படி வந்தது? என் பையனுக்கும் வர வைக்க முடியுமா?” என்று கேட்டார். தம் ஏழாம் வகுப்பு மகனின் மூளையைத் தூண்டி, கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்க வைப்பதாகச் சொன்ன ஒரு பயிற்சி வகுப்புக்கு அவர் 20,000 ரூபாய் கட்டியிருக்கிறார். அங்கே மகனுக்கு முழுதாக வராதது என்னிடம் வந்தால் வரும் என்று நம்பி, அன்றே இன்னொரு தொகை கொடுக்கவும் தயாராக இருந்தார். படிக்கட்டில் வைத்தே எட்டுச் சீட்டுகளையும் விரித்து, அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டு முடித்ததும் அவர் சிரிக்கவில்லை. “இவ்வளவுதானா? அப்படின்னா அங்கேயும் இப்படி ஏதோ இருக்கணுமே” என்றார். அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது.

வித்தையை இங்கே முழுமையாகச் சொல்கிறேன். இதை வாசிக்கும் யாரும் இன்று மாலையே வீட்டில் செய்து பார்க்கலாம்.

ஒரு சீட்டுக்கட்டிலிருந்து எட்டுச் சீட்டுகளை எடுத்து, ஏஸை 1 என்று கொண்டு, மேலிருந்து கீழாக இந்த வரிசையில் அடுக்க வேண்டும்: ஹார்ட்டின் 1, ஹார்ட்டின் 4, டைமன் 7, ஸ்பேடு 2, டைமன் 5, கிளாவர் 8, ஸ்பேடு 3, கிளாவர் 6. சீட்டுகள் குப்புற இருக்கட்டும். கூட்டத்தின் முதல் வரிசையில் இருப்பவரிடம் கட்டைக் கொடுத்து, மேலிருந்து சில சீட்டுகளை எடுத்து அப்படியே அடியில் வைக்கச் சொல்லுங்கள். அவர் அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கட்டும். அவரும் அவ்வாறே வெட்டட்டும். நான்கைந்து பேர் வெட்டிய பிறகு, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கட்டை வைத்திருப்பவரிடம் மேல் சீட்டை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்தவரிடம் தரச் சொல்லுங்கள். அவரும் மேல் சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் தர, மூன்றாமவரும் ஒன்றை எடுத்துக்கொள்ள, மிஞ்சிய ஐந்து சீட்டுகளை யாராவது சட்டைப் பையில் போட்டுக்கொள்ளட்டும். இப்போது மூவரையும் எடுத்த வரிசையிலேயே எழுந்து நிற்கச் சொல்லித் திரும்புங்கள். சீட்டை மனத்தில் நினைக்கச் சொல்லுங்கள். சிறிது நேரம் அவர்களைப் பார்த்துவிட்டு, மூன்று எண்ணங்களும் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன என்று சொல்லி, சிவப்புச் சீட்டு வைத்திருப்பவர்கள் மட்டும் கையை உயர்த்தட்டும் என்று கேளுங்கள். வித்தை முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. கூட்டத்துக்கு அது ஒரு சிறு ஒழுங்குபடுத்தலாகத் தெரியும். உங்களுக்கு அது மூன்று சீட்டுகளின் பெயரையும் சொல்லிவிடும்.

எப்படி என்பதைச் சொல்லத் தமிழ் யாப்பிலக்கணத்தைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். செய்யுளில் சொல்லைப் பிரிக்கும் ஒலித்துண்டு அசை. குறிலோ நெடிலோ தனித்து வந்தால் அது நேரசை; ஒரு குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்து வந்தால் அது நிரையசை. சிவப்பை நேரசை என்றும் கறுப்பை நிரையசை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் நிற்கிறார்கள் என்றால் மூன்று அசைகள் நிற்கின்றன. மூன்று அசைகள் சேர்ந்தால் ஒரு மூவசைச்சீர். மூவசைச்சீர்கள் எட்டு என்பதும், அவற்றின் வாய்பாடுகள், அதாவது அடையாளப் பெயர்கள், நான்கு காயும் நான்கு கனியும் என்பதும் நம் பள்ளிப் பிள்ளைகள் அறிந்தவையே. முதல் இருவரின் நிறத்தைக் கொண்டு தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்ற நான்கில் ஒன்றைப் பிடிக்கலாம். மூன்றாமவர் சிவப்பானால் காய், கறுப்பானால் கனி. இருவரும் சிவப்பு, மூன்றாமவரும் சிவப்பு என்றால் தேமாங்காய். முதலாமவர் கறுப்பு, இரண்டாமவர் சிவப்பு, மூன்றாமவர் கறுப்பு என்றால் புளிமாங்கனி. எந்த வாய்பாட்டுக்கு எது என்று தனியே அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யவும் வேண்டாம். புளி, மாங், கனி என்று அந்தப் பெயரைப் பிரித்தாலே நிரை, நேர், நிரை என்று அதன் அசைகள் அதிலேயே கிடக்கின்றன. தன் பெயருக்குள்ளேயே தன் இலக்கணத்தை வைத்திருக்கும் இப்படியொரு வாய்பாட்டை அமைத்துத் தந்த முன்னோரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

மேலே சொன்ன வரிசையில் எங்கே வெட்டினாலும், எட்டு வாய்பாடுகளில் ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் மட்டுமே வரும். ஆகவே வாய்பாடு தெரிந்தால் முதல் சீட்டு தெரிந்துவிடும். இனி நினைவில் கொள்ள வேண்டியவை எட்டே இணைகள்: தேமாங்காய்க்கு 1, தேமாங்கனிக்கு 4, கூவிளங்காய்க்கு 7, புளிமாங்கனிக்கு 2, கூவிளங்கனிக்கு 5, கருவிளங்கனிக்கு 8, கருவிளங்காய்க்கு 3, புளிமாங்காய்க்கு 6. இந்த எண் முதலில் நிற்பவரின் சீட்டு. அதனுடன் மூன்றைக் கூட்டினால் இரண்டாமவரின் எண். மேலும் மூன்றைக் கூட்டினால் மூன்றாமவரின் எண். கூட்டுத்தொகை எட்டைத் தாண்டினால் எட்டைக் கழித்துவிட வேண்டும். நிறம் அவர்கள் கை உயர்த்தியதிலேயே தெரிந்துவிட்டது. நான்கும் அதற்குக் கீழும் என்றால் சிவப்பில் ஹார்ட்டின், கறுப்பில் ஸ்பேடு. நான்குக்கு மேல் என்றால் சிவப்பில் டைமன், கறுப்பில் கிளாவர்.

பொங்கல் அன்று எனக்கு முன் நின்ற மூவரில் கடைசியில் நின்ற சிறுமி மட்டும் கையை உயர்த்தினாள். நிரை, நிரை, நேர்; கருவிளங்காய்; ஆகவே 3. கறுப்பில் சிறிய எண், ஸ்பேடு 3. அடுத்தது 6, கறுப்பில் பெரிய எண், கிளாவர் 6. அடுத்தது 9, எட்டைக் கழித்தால் 1, சிவப்பு, ஹார்ட்டின் ஏஸ். இந்தக் கணக்கை மனத்துக்குள் போட எனக்கு ஐந்து விநாடி ஆயிற்று. அந்த ஐந்து விநாடியைக் கூட்டம் நான் அவர்களுடைய மனத்தைப் படிக்கும் நேரமாக எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் கணக்கு மெதுவாக வருகிறதே என்று கவலைப்படும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும்: இந்த வித்தையில் தாமதம் குறையாகாது, அது நடிப்பில் சேர்ந்துவிடும்.

எட்டு வாய்பாடுகளில் ஒன்றுக்கு மட்டும் முன்னரே தயாராக இருக்க வேண்டும். கருவிளங்கனி வந்தால் ஒருவர்கூடக் கையை உயர்த்த மாட்டார். பழக்கமில்லாதவர் அந்த இடத்தில் திகைத்துப் போவார். ஆனால் அதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. “மூவரும் கறுப்பு என்பது தெரிந்துவிட்டது, அதனால்தான் இருட்டாகத் தெரிகிறது” என்று மெல்லச் சொல்லிவிட்டு, 8, 3, 6 என்று மூன்று கறுப்புச் சீட்டுகளையும் சொன்னால், கூட்டத்துக்கு உங்கள் கேள்வியே மறந்துவிடும்.

செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. கட்டை வெட்டலாம், ஆனால் கலைக்கக் கூடாது. வெட்டும்போது மேல் பகுதி கீழே போகிறதே தவிர, சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வட்டம் மாறுவதில்லை. ரங்கராட்டினத்தில் எந்தப் பெட்டி உச்சியில் நின்றாலும் அதற்கடுத்த பெட்டி அதுவேயாக இருப்பதுபோல. நூறு பேர் வெட்டினாலும் இதுதான் நிலை. கலைத்தால் வட்டம் அறுந்துவிடும். முதன்முதலில் என் உறவினர் வீட்டு விசேஷத்தில் இதைச் செய்தபோது, “வெட்டுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டேன். அங்கிருந்த ஓர் இளைஞர் பழக்கத்தில் கட்டைக் கலைத்துவிட்டார், நான் சொன்ன மூன்றில் இரண்டு தவறாயின. அதன் பிறகு நானே ஒருமுறை வெட்டிக் காட்டாமல் கட்டை யாரிடமும் கொடுப்பதில்லை.

எட்டுச் சீட்டுகள் கையில் மெலிதாகத் தெரிகின்றன என்பவர்கள் பதினாறுக்குப் போகலாம். அப்போது நான்கு பேர் எழுந்து நிற்பார்கள், நாலசைச்சீர் பதினாறும் வரும். நிற வரிசை இது: நான்கு சிவப்பு, ஒரு கறுப்பு, இரண்டு சிவப்பு, இரண்டு கறுப்பு, ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு, ஒரு சிவப்பு, நான்கு கறுப்பு. எங்கே வெட்டினாலும் மேலே வரும் நான்கின் நிறக்கோவை வேறெங்கும் வராது என்பதைப் பொறுமையுள்ளவர்கள் எழுதிப் பார்க்கலாம். சிறு பிள்ளைகளுக்கோ நான்கே சீட்டுகள் போதும்: இரண்டு சிவப்பு, இரண்டு கறுப்பு, எழுந்து நிற்பவர் இருவர், வாய்பாடு தேமா முதலிய நான்கு. “கற்க கசடறக் கற்பவை கற்றபின்” என்று தொடங்கும் குறளை அலகிட்டு, அதாவது அசைகளாகப் பிரித்துப் பார்த்தால் அந்த நான்கு ஈரசைச்சீரும் அதிலேயே வருகின்றன. அந்தக் குறளைச் சொல்லிக் காட்டிவிட்டே நான் இந்தச் சிறிய வித்தையைத் தொடங்குவேன்.

பத்தாம் வகுப்புத் தேர்வில் குறளை அலகிட்டு வாய்பாடு எழுதும் வினா வருகிறது. அதற்காகப் பிள்ளைகள் உருப்போடுகிறார்கள். ஆனால் குறள் வெண்பா ஆகையால் அதில் கனிச்சீர் வராது. ஆகவே காயைப் பழகிய பிள்ளைகள் கனியை அட்டவணையில் பார்த்ததோடு சரி, கையாண்டதே இல்லை. இந்த வித்தையிலோ நான்கு கனிகளும் காய்களுக்குச் சமமாக வந்துகொண்டே இருக்கும். தவறாகச் சொன்னால் மதிப்பெண் குறையாது, சீட்டு தவறிப்போகும். அதைப் பிள்ளைகள் மதிப்பெண்ணைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். பணி ஓய்வுக்கு முந்தைய ஆண்டுகளில் என் வகுப்புகளில் இதைக் கண்கூடாகக் கண்டேன். யாப்பு என்றாலே தலையைக் கவிழ்த்துக்கொள்ளும் ஒரு மாணவன், இடைவேளையில் நண்பர்களிடம் “கூவிளங்கனிடா, அஞ்சு” என்று சொல்லிக்கொண்டு நின்றதை என்னால் மறக்க முடியாது.

வித்தையின் அடிப்படையை எனக்குக் காட்டியவர் எங்கள் பள்ளியில் உடன் பணியாற்றிய கணித ஆசிரியர். அவர் செய்தது 32 சீட்டுகளும் ஐந்து பேரும் கொண்ட பெரிய வடிவம். மந்திர வித்தை செய்வதற்காக 14 வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, பின்னாளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரான பெர்சி டயகோனிஸ், கணித அறிஞர் ரான் கிரஹாமுடன் சேர்ந்து இந்தப் பெரிய வடிவத்தின் கணிதத்தை விரிவாக விளக்கியிருக்கிறார். இத்தகைய வட்டங்களுக்கு டச்சு நாட்டுக் கணித அறிஞர் டி பிரௌன் பெயர் வழங்குகிறது. அவர் 1946இல் அவற்றை எண்ணிக் கணக்கிட்டார். அதே கணக்கை 1894இலேயே பிரெஞ்சுக்காரரான ஃபிளாய் செயின்ட் மரி செய்து முடித்திருந்தார் என்பது பின்னர் தெரிய வந்தது. எட்டுச் சீட்டுக்கு இப்படிப்பட்ட வட்டம் இரண்டுதான் உண்டு, அவையும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம், பதினாறுக்கு 16, 32 சீட்டுக்கு 2,048. ஐந்து பேருக்கான வடிவத்தைக் கணித ஆசிரியர் தம் முறையில் செய்தார். தமிழில் ஐந்தசைச்சீர் இல்லாததால் நான் நான்கு பேரோடு நின்றுகொண்டேன்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. வடமொழி யாப்பைக் கற்பவர்கள் ‘யமாதாராஜபானஸலகாம்’ என்ற பத்தெழுத்துத் தொடரைச் சொல்லிக்கொடுப்பார்கள். அதில் எந்த இடத்தில் தொடங்கி மூன்று எழுத்தை எடுத்தாலும், குறுமையும் நெடுமையுமாக அமையும் மூன்றெழுத்துத் தொகுதிகளான எட்டுக் கணங்களில் ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டும் வரும். சீட்டு வட்டத்தில் நடப்பதும் இதுவேதான். அமிதசாகரர் தம் யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகையில் சீர்களை வகுத்துக் காட்டியபோது சீட்டு வித்தையை நினைத்திருக்க மாட்டார். எனினும் இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டு போகும் அந்த முப்பது சீர்களின் கட்டமைப்பு, இன்று கணினி வகுப்பில் பூச்சியமும் ஒன்றும் என்று சொல்லித்தரும் அதே எண்ணலே. இதைத் தமிழ் வகுப்பிலும் கணித வகுப்பிலும் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுக்க ஒரு சீட்டுக்கட்டு உதவுமென்றால் அதை ஏன் விட வேண்டும்?

சீட்டு என்றதும் முகம் சுளிப்பவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். இணையவழி ரம்மியில் பணத்தையும் உயிரையும் இழந்தவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழே எத்தனையோ முறை எழுதியிருக்கிறது. அதைத் தடுப்பதற்கான சட்டத்தை நம் சட்டமன்றம் 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு முறை நிறைவேற்ற வேண்டியிருந்தது. வள்ளுவரும் சூதுக்கென்று ஓர் அதிகாரம் வைத்தார். ஆகவே வீட்டில் சீட்டுக்கட்டே வேண்டாம் என்று ஒரு பெற்றோர் சொன்னால் அந்தச் சொல்லை மதித்தே ஆக வேண்டும். அவர்களுக்காக நான் செய்யும் மாற்று, பழைய திருமண அழைப்பிதழ்களின் அட்டையை ஒரே அளவாக எட்டுத் துண்டுகளாக நறுக்கி, நான்கில் சிவப்பு மையாலும் நான்கில் கறுப்பு மையாலும் எட்டுப் பூக்களின் பெயரை எழுதிக்கொள்வது. எண்ணைக் கூட்டும் வசதி அதில் இல்லை. பூக்களின் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஆனால் ஒருவர் தம் மனத்தில் நினைத்த பூவைச் சொல்வது, டைமன் 7 என்று சொல்வதைவிட நம் கூட்டத்தில் நன்றாகவே எடுபடுகிறது. அட்டைகளின் பின்புறம் மட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் அடையாளம் வைத்துவிட்டதாகச் சந்தேகம் எழும்.

இரகசியத்தை வெளியிடுவது மேடைக் கலைஞர்களின் பிழைப்பைக் கெடுக்காதா என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு கலைஞர் பல ஆண்டுகள் பழகிக் கண்டுபிடித்த கைத்திறத்தை வெளியிடுவதை நானும் ஏற்கமாட்டேன். இந்த வித்தை அப்படிப்பட்டதல்ல. இதன் கணக்கு நூறாண்டுகளுக்கு மேலாகப் பொதுச் சொத்து. அதோடு, ஒரு வித்தையைத் தாமே செய்து பழகிய பிள்ளை, மேடையில் உண்மையான கலைஞரைப் பார்க்கும்போது கூடுதல் மதிப்போடுதான் பார்க்கும். வீணை கற்றவர்தான் வீணைக் கச்சேரியை நன்றாகக் கேட்கிறார்.

அந்தத் தாய் சொன்ன பயிற்சி வகுப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நடுமூளையைத் தூண்டுவதாகச் சொல்லி, கண்ணைக் கட்டிய பிள்ளைகள் நிறத்தையும் எழுத்தையும் படிப்பதாகக் காட்டும் வகுப்புகள் நம் நாட்டின் பல ஊர்களில் நடந்திருக்கின்றன. மூக்குக்கும் கன்னத்துக்கும் இடையே துணி படியாத இடுக்கின் வழியாகக் கீழே பார்க்க முடியும் என்பதே அதன் உட்பொருள் என்பதை மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் போன்றவர்கள் மேடைகளில் செய்து காட்டியிருக்கிறார்கள். படிக்கும் தாளைக் கண்ணுக்குக் கீழே பிடிக்காமல் தலைக்கு மேலே பிடித்தாலோ, முகம் முழுவதையும் ஒரு பலகையால் மறைத்தாலோ அந்த ஆற்றல் நின்றுவிடும். கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் வாழ்ந்து 2009இல் மறைந்த பிரேமானந்த், மந்திர வித்தை கற்றுக்கொண்டே மந்திர சக்தி என்ற பெயரில் நடக்கும் ஏமாற்றுகளை ஊர் ஊராகச் சென்று விளக்கினார். இவர்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது, யாரையும் ஏளனம் செய்யாமல், பார்ப்பவர்களையே வித்தையைச் செய்ய வைத்ததுதான். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976இல் நம் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது; அந்தக் கடமைக்கு ஏழு வயதுப் பிள்ளைக்கும் எட்டக்கூடிய ஒரு வழி, தானே ஒருமுறை ‘மனத்தைப் படித்து’, அதில் மனமும் படிக்கப்படவில்லை, சக்தியும் இல்லை என்பதைத் தன் கையாலேயே உணர்வது.

ஏமாந்த பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகன் படிப்பில் பின்தங்கிவிடுவானோ என்ற அச்சத்தில்தான் அந்தத் தாய் பணம் கட்டினார். அங்கே அவருடைய மகன், துணியின் இடுக்கு வழியாகப் பார்த்ததை அம்மாவிடம் சொல்லத் தயங்கியிருக்கிறான். சொன்னால் அம்மா வருத்தப்படுவார், சொல்லாவிட்டால் தான் பொய் சொல்கிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் அப்படியொரு சுமையை வைத்ததுதான் 20,000 ரூபாயைவிட என்னை வருத்துகிறது. இப்போது அவன் என் வீட்டுக்கு ஞாயிறுதோறும் வருகிறான். நான்கு சீட்டிலிருந்து எட்டுக்கு வந்துவிட்டான். கருவிளங்காய்க்கும் கூவிளங்காய்க்கும் மட்டும் இன்னும் சற்றுத் தடுமாறுகிறான். வித்தை முடிந்ததும் “இது கணக்குதான், வேணும்னா சொல்லித் தர்றேன்” என்று அவனே கூட்டத்திடம் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஒப்பந்தம்.

ஆகவே தங்களிடம் மூன்றைக் கேட்டுக்கொள்கிறேன். எட்டுச் சீட்டு வடிவத்தை, விளக்கத்தோடும் வாய்பாட்டோடும், ஒரு ஞாயிறு சிறுவர் பக்கத்தில் வெளியிடுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவிலும் மற்றப் பொது நூலகங்களிலும் விடுமுறை நாட்களில் இதைச் செய்து காட்டிக் கற்பிக்கலாம் என்ற யோசனையைத் தங்கள் பக்கத்தின் வழியாக உரியவர்களிடம் சேர்ப்பியுங்கள். அழைத்தால் என் அட்டைகளோடு வந்து நிற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம். குழந்தைகளின் மூளை ஆற்றலை விழிக்கச் செய்வதாக வரும் விளம்பரங்களை வெளியிடும் முன், அந்த ஆற்றலைத் தாளைத் தலைக்கு மேல் பிடித்துக் காட்ட முடியுமா என்று தங்கள் விளம்பரப் பிரிவினர் ஒரு கேள்வி கேட்கட்டும்.

வெளியிடும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டுகிறேன். சிறுவர் பக்கம் சில வாரங்களில் கறுப்பு வெள்ளையில் வருகிறது. அந்த வாரத்தில் இது அச்சானால் சிவப்புச் சீட்டும் கறுப்புச் சீட்டும் ஒன்றுபோலத் தெரிந்து, பிள்ளைகள் வரிசையைத் தவறாக அடுக்கிவிடுவார்கள். ஒவ்வொரு சீட்டின் கீழும் ‘நேர்’, ‘நிரை’ என்று எழுத்திலேயே குறித்துவிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
பெரம்பூர், சென்னை - 11.